தராசு மேசையை ஏன் எடுத்தீர்கள்? நாணயச் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

போன வாரம் நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் நான்காவது பத்தி மூன்றே வரிதான். வரும் கண்காட்சியில் நாணயச் சோதனை மேசை இருக்காது. விற்ற காசு திரும்பப் பெறப்படமாட்டாது. காசின் தன்மைக்கு வாங்குபவரே பொறுப்பு. கீழே கையெழுத்து, முத்திரை. இருபத்தோரு வருஷமாக இந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவன் நான், ஒரு கூட்டத்திலும் எழுந்து சத்தம் போட்டதில்லை, பொங்கல் கண்காட்சிக்கு நாற்காலி தூக்கிப் போட்டிருக்கிறேன். ஆனால் இந்த மூன்று வரியை மட்டும் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

காரணம் என்ன என்று செயலாளரிடம் போனில் கேட்டேன். ஸ்டால் போடும் வியாபாரிகள் வருத்தப்படுகிறார்கள், அவர்கள் விற்ற காசை அவர்கள் கண்ணெதிரிலேயே எடை போட்டுப் பார்ப்பது அவமானமாக இருக்கிறதாம். மண்டப வாடகையில் பெரும்பங்கு ஸ்டால் வாடகையில்தான் வருகிறது என்பது எனக்கும் தெரியும். அவர்களில் பாதிப்பேர் எனக்குப் பழக்கம், கடைக்கு வந்தால் டீ வாங்கிக் கொடுக்காமல் அனுப்பமாட்டேன். நகைக்கடையில் எல்லோர் முன்னாலும்தான் எடை போடுகிறார்கள், எந்த நகைக்கடைக்காரர் அதற்கு முகம் சுளித்தார் என்று மட்டும் சொல்லுங்கள்.

போன வருஷக் கண்காட்சியில் 'இடம் போதவில்லை, இந்தத் தடவை மட்டும்' என்று மேசையை எடுத்தீர்கள். அந்த ஒரு தடவையில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.

எனக்குக் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் கடை. கண்காட்சி முடிந்து ஒரு வாரம் இருக்கும், கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற பையன் ஒருவன் வந்தான். புது உறுப்பினர், சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போய்ச் சேர்த்த காசில், நம் கண்காட்சியில் 6,500 ரூபாய் கொடுத்து ஒரு டைபீரியஸ் டினாரியஸ் வாங்கியிருந்தான். அட்டை ஹோல்டரில் போட்டு, கைக்குட்டையில் சுற்றி, சட்டைப் பையிலிருந்து எடுத்தான். சந்தேகப்பட்டு வரவில்லை. 'அண்ணா, உங்ககிட்ட நல்ல லென்ஸ் இருக்குன்னு சொன்னாங்க, ராஜா முகத்தைப் பெருசா பாக்கணும்' என்றுதான் வந்தான்.

காசு தெரியாத யாராவது இந்த மடலைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ரோம் நாட்டு வெள்ளிக் காசான டினாரியஸில் நம் பக்கத்தில் அதிகம் கிடைத்தவை இரண்டே இரண்டு வகை. ஒன்று ரோமின் முதல் சக்கரவர்த்தி அகஸ்டஸின் காசு, பின்பக்கம் அவர் மகன்களாகத் தத்தெடுத்துக்கொண்ட பேரப்பிள்ளைகள் காயஸும் லூசியஸும் கேடயத்தோடு நிற்பார்கள். இன்னொன்று அவருக்கு அடுத்து ஆண்ட டைபீரியஸின் காசு, பின்பக்கம் நாற்காலியில் ஒரு பெண் கையில் செங்கோலும் கிளையுமாக உட்கார்ந்திருப்பாள், அவனுடைய தாய் லிவியா என்று பலர் சொல்வார்கள். இரண்டுமே இன்றைய பிரான்சில் லியோன் இருக்கும் இடத்தில் அச்சடித்தவை. வெள்ளலூரில் 1842-இல் ஐந்நூறுக்கும் மேல் கிடைத்தன, உடுமலைப் பக்கம் பூதிநத்தத்தில் ஆயிரத்துக்கும் மேல். அந்தப் புதையல்களிலும் இந்த இரண்டு முகங்கள்தான் பெரும்பாலும். பட்டத்துக்கு வர வேண்டிய பையன்கள் இருவரும் தாத்தா உயிரோடிருக்கும்போதே, கி.பி. 2-இலும் 4-இலும் செத்துப்போனார்கள், அதனால்தான் டைபீரியஸுக்கு அரியணை கிடைத்தது. பையன்கள் நிற்கும் காசும் அவர்கள் இடத்துக்கு வந்தவனின் காசும் கொங்கு மண்ணில் ஒரே குவியலில் கிடந்திருக்கின்றன. எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே இதை ஒருவர் சொல்லக் கேட்டபோதுதான்.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. டைபீரியஸ் முகத்தை ஒரு தடவை நல்ல காசில் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இறங்கி வளைந்த மூக்கு, இறுகின வாய், நீளக் கழுத்து, பின்னங்கழுத்தில் மாலையின் நாடா இரண்டு நுனியாகத் தொங்கும், ஒவ்வொரு முடிக்கற்றையும் தனித்தனியாகத் தெரியும். இவன் காசில் முடியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது. எழுத்துகள் பாதி கரைந்த சோப்பின் மேலிருக்கும் எழுத்து மாதிரி, விளிம்பு மழுங்கி. வெறும் இடமெல்லாம் ஊசிமுனை அளவுக்குக் குட்டிக் குட்டிக் குழி. உருக்கி வார்க்கும்போது அடைபடும் காற்றுக் குமிழ் அது, சுத்தியலால் அடித்த காசில் வராது. ஓரத்தைத் திருப்பினால் சுற்றிலும் அரம் போட்ட கீறல். வார்ப்பு அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த கோட்டைத் தேய்த்து மறைத்திருக்கிறார்கள்.

அப்புறம் எடை. 3.12 கிராம். இந்த வகைக் காசு நல்ல நிலையில் மூன்றேமுக்கால் கிராமுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தேய்ந்திருந்தால் குறையலாம், ஆனால் முகம் தேயாமல் எடை மட்டும் தேயாது. நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு மறுபடி எடுத்தேன், 0.38 குறைந்தது. எடையை இந்தக் குறைவால் வகுத்துப் பாருங்கள், அடர்த்தி 8.2 வருகிறது. என்னுடைய டைபீரியஸை அதே தராசில், அதே டம்ளரில் போட்டேன். 3.71 கிராம், தண்ணீரில் 0.36 குறைந்தது, 10.3. நல்ல வெள்ளி பத்துக்கு மேல்தான் நிற்கும். பையன் கையில் இருந்தது ஜெர்மன் சில்வரோ வேறு என்ன கலவையோ.

இங்கே யாராவது குறுக்கே வந்து, ரோமர் காலத்திலேயே செம்புக்கு வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக்காசு உண்டே, அதுவாக இருக்கலாமே என்பார்கள். உண்டு, அதையும் சேகரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அதுவும் சுத்தியலால் அடித்ததுதான், தேய்ந்த இடத்தில் செம்பு எட்டிப் பார்க்கும், குமிழ்க் குழி இருக்காது. இதற்கும் மேலாக எனக்கு வேறொரு சாட்சி கிடைத்தது. அதே கண்காட்சியில் அதே ஸ்டாலில் இன்னோர் உறுப்பினரும் ஒரு டைபீரியஸ் வாங்கியிருந்தார். கேட்டு வாங்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டிலும் காதுக்குக் கீழே ஒரே இடத்தில் ஒரே பிறை வடிவத்தில் ஒரு வடு. இரண்டிலும் முகம் மையத்திலிருந்து அதே அளவு இடப்பக்கம் தள்ளி. கையால் அடித்த காசு ஒரே அச்சில் வந்தாலும் ஒன்றுபோல் விழாது, ஒன்று கொஞ்சம் தள்ளும், ஒன்று ஓரத்தில் வெடிக்கும். அடித்தபிறகு புழக்கத்தில் பட்ட வடு இரண்டு காசில் ஒரே இடத்தில் இருக்கிறதென்றால் இரண்டும் ஒரு தாய்க்காசிலிருந்து வார்த்தெடுத்த பிள்ளைகள். இதற்கு லென்ஸ்கூட வேண்டாம்.

பையனிடம் சொல்ல வேண்டியதாகிவிட்டது. ஒன்றும் பேசவில்லை அவன். காசைத் திரும்ப ஹோல்டரில் போட்டு, ஸ்டேப்ளர் பின் அடித்த இடத்தையே ரொம்ப நேரம் அமுக்கிக்கொண்டிருந்தான். பிறகு கூட்டங்களுக்கு வருவதில்லை.

வியாபாரியிடம் நானே பேசினேன். அவர் சொன்னது: 'கரூர் ஆத்துல கிடைச்சதுங்க, அதான் விலை கம்மி, நான் என்ன பண்ணட்டும்?' இந்த வாக்கியத்தை நம் கண்காட்சியில் எத்தனை ஸ்டாலில் கேட்டிருக்கிறீர்கள் என்று மனசைத் தொட்டுச் சொல்லுங்கள். அமராவதி ஆற்றுமணலில் காசு கிடைத்தது உண்மை. மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்து, ரோமக் காசைப் பார்த்து முகம் போட்டதுபோல் இருக்கும் சேரர் வெள்ளிக் காசுகளும் அங்கே கிடைத்தவைதான், அந்த உண்மையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டுதான் இந்தப் பொய்யும் விலைபோகிறது. யவனர் கலம் பொன்னோடு வந்து மிளகோடு போன சங்கப்பாட்டையும் ஒரு வரி சேர்த்துச் சொன்னால் புதிதாக வருகிறவன் விழுந்துவிடுவான்.

ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அவர் சொன்னது உண்மையென்றால், மண்ணிலிருந்து எடுத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டமே சொல்கிறது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை வியாபாரம் பண்ண உரிமம் வேண்டும் என்று 1972-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. பொய்யென்றால் அது போலிக் காசு. உண்மையோ பொய்யோ, அந்த வாக்கியத்தைச் சொல்லி விற்கிற காசுக்குச் சங்கத்தின் பேனருக்குக் கீழே இடம் கிடையாது. வாங்குபவரே பொறுப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் இதை யோசித்தீர்களா?

இந்த மேசை எப்படி வந்தது என்று புதிய நிர்வாகிகளுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். சங்கத்தில் மூத்தவரான ஓர் ஆசாரி ஐயா இருந்தார், இப்போது இல்லை. பட்டறையிலிருந்து தன் தராசைத் துணியில் சுற்றி எடுத்து வருவார். பழைய பள்ளிக்கூட மேசை ஒன்று, பச்சைத் துணி, இரண்டு லென்ஸ், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு நூல்கண்டு. அவ்வளவுதான் செலவு. யாரிடமும் 'இது போலி' என்று முகத்துக்கு நேரே சொல்லமாட்டார். லென்ஸை நம் கையில் கொடுத்து, நல்ல காசு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, 'ரெண்டையும் பாரு, என்ன தெரியுதுன்னு நீயே சொல்லு' என்பார். டைபீரியஸ் காசில் அந்தப் பெண் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் கால் சிலதில் வெறுமனே இருக்கும், சிலதில் கடைசல் வேலை தெரியும் என்று எனக்குக் காட்டியது அவர்தான். அகஸ்டஸ் எழுபத்தைந்து வயதில் செத்தவர், காசில் மட்டும் கடைசிவரை இளைஞனாகவே இருக்கிறார் பார் என்று சிரிப்பார். பின்னால் வந்த இன்னொரு சக்கரவர்த்தி வெஸ்பாசியன் முகத்தைக் காட்டி, 'இவன்தான்டா நம்ம ஆளு, சுருக்கம், வழுக்கை, இரட்டைத் தாடை எதையும் மறைக்கல' என்பார். வியாபாரிகளே கூட்டம் குறைந்த நேரத்தில் தங்கள் சரக்கைக் கொண்டுவந்து அவரிடம் காட்டுவார்கள். யாருக்கும் அது அவமானமாகப் படவில்லை.

அவமானம் என்ற பேச்சு வந்ததால் இன்னொன்றும் சொல்கிறேன். ரோமக் காசைச் சோதித்துப் பார்ப்பது நாம் கண்டுபிடித்த வழக்கமில்லை. அகஸ்டஸ் காலத்து டினாரியஸ்களில் முகத்தின் மேலேயே சின்னச் சின்ன முத்திரைக் குத்து விழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், வாங்குகிறவன் வெள்ளிதானா என்று பார்த்த அடையாளம் என்பார்கள். சக்கரவர்த்தி நீரோ கி.பி. 64 வாக்கில் டினாரியஸின் எடையையும் வெள்ளித் தரத்தையும் குறைத்தார், அதற்குப் பிந்தைய வெள்ளிக் காசு நம் பக்கத்துப் புதையல்களில் அபூர்வம். இங்கே இருந்த வியாபாரிகள் பழைய கனத்த காசையே கேட்டு வாங்கினார்கள் என்பது ஆய்வாளர்கள் பலர் சொல்லும் காரணம். சக்கரவர்த்தி முகம் போட்ட காசையே எடை போட்டுத்தான் வாங்கியிருக்கிறார்கள், நம் ஸ்டால்காரர் சக்கரவர்த்தியைவிடப் பெரியவரா?

மேசையோடு சேர்த்து இன்னொரு குறையும் உண்டு. சங்கம் நடத்தும் காசுப் போட்டியின் விதிகளில் ஐம்பது மதிப்பெண்ணில் பதினைந்து 'காசின் பளபளப்பு'க்கு. இது எப்போது நுழைந்ததோ தெரியவில்லை. இதில் முதல் குற்றவாளி நான்தான் என்பதால் உரிமையோடு பேசுகிறேன். முதன்முதலில் வாங்கிய அகஸ்டஸ் கறுத்துக் கிடந்தது. வீட்டில் வெள்ளிக் குத்துவிளக்கை எப்படித் தேய்ப்பார்களோ அப்படியே விபூதி போட்டு, ஈரத்துணியால் அரைமணி நேரம் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது. காயஸ் லூசியஸ் இருவருக்கும் முகம் போய்விட்டது, கேடயம் மட்டும் மிச்சம். இரண்டாயிரம் வருஷம் தாங்கிய முகத்தை அரைமணி நேரத்தில் அழித்தவன் நான். ஆசாரி ஐயா பார்த்துவிட்டுத் திட்டவில்லை, 'சாப்பிட்டியா?' என்று மட்டும் கேட்டார், அதுதான் இன்னும் வலிக்கிறது. அந்தக் கறுப்பு வெள்ளியின் மேல் காலம் போட்ட தோல், அதைச் சுரண்டினால் நுண்ணிய வேலையும் கூடவே போகும். நீங்கள் பளபளப்புக்கு மதிப்பெண் கொடுக்கும்வரை ஒவ்வொரு வருஷமும் போட்டிக்கு முந்தின நாள் ராத்திரி எத்தனை வீட்டில் பல்பொடியும் புளியும் எடுக்கிறார்களோ.

அதே விதியில் 'வெட்டு, கீறல் உள்ள காசுகளுக்குக் கழிவு' என்றும் இருக்கிறது. சாதாரணச் சேதத்துக்குச் சரி. ஆனால் இந்தியாவில் கிடைத்த ரோமக் காசில் ராஜாவின் முகத்துக்குக் குறுக்கே வேண்டுமென்றே உளியால் போட்ட வெட்டு என்று ஒன்று உண்டு. புதுக்கோட்டைப் பக்கம் 1898-இல் கிடைத்த 501 தங்கக் காசுகளில் பெரும்பாலானவற்றில் அந்த வெட்டு இருந்தது, வெள்ளியிலும் வெட்டுப்பட்டவை உண்டு. வெளிநாட்டு அரசன் காசு இங்கே செல்லாது என்று காட்டவா, உள்ளே தங்கம்தானா என்று பார்க்கவா, அது இன்னும் முடியாத விவாதம். எப்படியானாலும் இந்த மண்ணில் யாரோ ஒருவர் அந்த முகத்தை என்ன செய்தார் என்பதற்கு நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் கோடுதான். அதற்குக் கழிவு போடுகிறோம், விபூதித் தேய்ப்புக்குப் பதினைந்து கொடுக்கிறோம்.

இனி நான் கேட்பது. சுற்றறிக்கையின் நான்காவது பத்தியைக் கண்காட்சிக்கு முன் எழுத்தில் வாபஸ் வாங்குங்கள். சோதனை மேசையை மண்டபத்தின் மூலையில் அல்ல, வாசலுக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் போடுங்கள். இரண்டு நாளும் நானே உட்காருகிறேன், தராசும் லென்ஸும் என்னுடையவை, சங்கத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை. ஸ்டால் எடுக்கும் ஒவ்வொருவரும் விற்கும் பழங்காசுக்குப் பில் கொடுக்க வேண்டும். அதில் என்ன காசு, எவ்வளவு எடை, யார் விற்றது என்று இருக்க வேண்டும், போலி என்று தெரிந்தால் முப்பது நாளுக்குள் பணம் திரும்ப என்ற வரியும் இருக்க வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டே ஸ்டால் கொடுங்கள். மாதிரிக் காசு விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, பள்ளிப் பிள்ளைகளுக்கு அது நல்லதும்கூட. ஆனால் தனி மேசையில், 'மாதிரி' என்று பெரிய எழுத்தில் அட்டை வைத்து விற்கட்டும். 'ஆற்றில் கிடைத்தது', 'வயலில் கிடைத்தது' என்று சொல்லி விற்பவருக்கு அடுத்த வருஷம் இடம் இல்லை என்று இப்போதே அறிவியுங்கள். போட்டியில் பளபளப்புக்கான பதினைந்தை எடுத்துவிட்டு, காசைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்புக்குக் கொடுங்கள்.

அந்தப் பையனின் 6,500 ரூபாயை வியாபாரியிடமிருந்து வாங்கிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. அவர் கொடுக்காவிட்டால் அவர் இந்த வருஷம் கட்டியிருக்கும் ஸ்டால் முன்பணத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், உங்கள் கையில்தானே இருக்கிறது. இரண்டு காசின் படங்களையும், எடைக் குறிப்பையும் செயலாளர் கையில் தனியாகக் கொடுத்திருக்கிறேன். அந்த இன்னோர் உறுப்பினரும் தன் காசைக் கொண்டுவந்து காட்டச் சம்மதித்திருக்கிறார்.

இந்த மாதக் கடைசி ஞாயிறு செயற்குழு கூடுகிறது என்று தெரியும், அன்று இதை முதல் பொருளாக எடுத்துப் பதிலை எழுத்தில் தாருங்கள். அன்று பதில் வரவில்லையென்றால் மண்டபத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில் வாசல் பெஞ்சை இரண்டு நாளைக்குக் கேட்டு வைத்திருக்கிறேன். டீக்கடைக்காரர் சரி என்றுவிட்டார், தண்ணீர் டம்ளரும் அவரே தருகிறாராம்.

இப்படிக்கு,
உங்கள் சங்கத்தின் இருபத்தோரு வருஷ உறுப்பினன்